மாற்றுச் சாவி

லாரிக்குக் கடன் கொடுக்கும்போதே
ஒரு சாவியை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வோம்.
ஐந்து ரோடு அலுவலகத்தில், இரண்டாம் மாடியில்,
ஆணிக்கு ஒன்றாய் எண்கள் தொங்கும்.
தவணை வந்துகொண்டிருக்கும்வரை
அவை வெறும் இரும்பு.

அந்த மார்கழியில்
ஒரே இரவுக்கு என் பையில் நான்கு சாவிகள்.

மேனேஜர் டேனியல் ராஜசிங் காரணம் சொன்னார்,
வடையைத் தாளில் வைத்து எண்ணெயை அழுத்திக்கொண்டே.
எங்கோ ஓர் ஊரில்
சம்பளமே இல்லாதவனுக்கு வீடு விற்றார்கள்.
கட்டமாட்டான் என்று தெரிந்தே விற்றார்கள்.
அந்தக் கடன் பத்திரத்தை நூறு பத்திரத்தோடு கட்டி
இன்னொருவன் தலையில்;
அவன் அதற்கு ஜிகினா சுற்றி
வேறொருவன் தலையில்.
சொக்கத் தங்கம் என்று முத்திரை குத்தியவனுக்குக்
கூலி கொடுத்ததே விற்றவன்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியில் ஈயம் கலந்தால்
உருக்கிப் பார்க்க ஒரு பட்டறைப் பையன் போதும்.
அங்கே யாரும் உருக்கவில்லை.
தானாக உருகியது.

அதற்கும் நம் லாரிக்கும் என்ன சார் என்றேன்.
வீடு கட்டுவது நின்றது, இரும்பு விலை போகவில்லை,
உருக்காலைகள் உலையை அணைத்தன,
உலைக்குள் பதிக்கும் கல்லுக்குத்தான்
நம் கருப்பூர் வெள்ளைக்கல் போகிறது என்றார்.
கை துடைத்துக்கொண்டார்.

போய்ப் பார்த்தேன். சூளை ஆறிக் கிடந்தது.
பொடி படியாத வேப்பமரங்கள்
பல வருடம் கழித்துப் பச்சையாக இருந்தன.
அழகாகத்தான் இருந்தன.

சங்ககிரி அர்த்தநாரி. பத்துச் சக்கரம். மூன்று தவணை.
பம்பரில் ஆயுத பூஜைச் சந்தனம் வெடித்திருந்தது.
சண்டை போடுவார் என்று
இரண்டு தடியர்களைக் கூட்டிப்போயிருந்தேன்.
மூவருக்கும் டீ சொன்னார்.

கடை டிவியில் அந்த நாட்டு அரசாங்கம்
வங்கிகளுக்குப் பணம் கொட்டிக்கொண்டிருந்தது.
பூஜ்யங்கள் ஓடி ஓடித்
திரையின் விளிம்பில் விழுந்தன.
இவ்வளவு பெரியவர்கள் விழுந்தால்
எல்லோரையும் இழுத்துக்கொண்டு விழுவார்கள்,
அதனால் விழவிடக் கூடாது என்றார்
டை கட்டியவர்.

டம்ளரைக் கீழே வைத்தார் அர்த்தநாரி.
"நானு, கிளீனரு, ரெண்டு புள்ளைக,
டயர்க்கடை பாயி, டீசல் பங்க்குக்காரரு…
நா உழுந்தா ஏழெட்டுப் பேரு உழுவோமுங்க.
எத்தன பேரு சேந்தா
அவங்க கணக்குல வருமுங்க?"

தடியர்களில் ஒருவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டான்.

மகள்களின் போட்டோ, ஸ்டவ், ஒரு துண்டு.
எடுத்துக்கொண்டு இறங்கினார்.
என் சாவிக்கு வண்டி
முதல் திருகலிலேயே எழுந்தது, அவ்வளவு நன்றாக வைத்திருந்தார்.
ஜன்னலுக்குக் கீழே வந்து சொன்னார்:
"ரெண்டாவது கியரு முரண்டு புடிக்குமுங்க.
தட்டிக் குடுத்துப் போடோணும்."

கொண்டலாம்பட்டி தாண்டி எங்கள் யார்டு.
நாற்பது லாரிகள் சேர்வராயன் மலையைப் பார்த்து
மூக்கை நீட்டி நின்றன.
மாசியில் ஏலம். மூன்றில் ஒரு பங்கு விலை.
வண்டி போன பிறகும் மிச்சக் கடன்
அர்த்தநாரி பெயரிலேயே இருந்தது,
வட்டியோடு.

பங்குனியில் தெரிந்தது, நாங்களும் மூழ்கிக்கொண்டிருந்தோமாம்.
எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கென்று
அரசாங்கம் ஒரு ஜன்னல் திறந்ததாம்,
அது வழியாகப் பணம் வந்ததாம்.
எல்லா மேசைக்கும் கேசரி வந்தது.
முந்திரி தாராளம்.
எங்கள் தவணையை யாரும் கேட்கவில்லை,
எங்கள் சாவி எந்த ஆணியில் தொங்குகிறதென்று
யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை சுற்றறிக்கையைக் கோப்பில் சேர்த்தேன்:
நம் நிறுவனம் மீட்கப்பட்டது.
பக்கத்திலேயே வண்டிப் பதிவேடு.
அர்த்தநாரியின் எண்ணுக்கு நேரே,
என் கையெழுத்தில்:
மீட்கப்பட்டது.

ஏலம் எடுத்தவரிடம்
இரண்டாவது கியரைப் பற்றி
நான் சொல்லவில்லை.