வெற்றுப் பதில்

பெர்னு துறைமுகத்தில்
மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
கையேட்டின் நான்காம் பக்கத்தில் நிற்கிறேன்:
"எச்சரிக்கை விதியை நீக்கும் கருவி.
விதியின் எண்ணைக் கொடுக்கவும்.
'நிச்சயமா?' என்று இது கேட்காது."

கடைசி வரியைத் தடித்த எழுத்தாக்கினேன்.
உர்மாஸ் எட்டிப் பார்த்தான்.
"ஏன் கத்துகிறாய்?"
பழைய எழுத்துக்கே மாற்றினேன்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் எண் வேண்டும்.
இருநூற்றுப் பதினேழு.
மூன்றாம் குளிர்கிடங்கு, ஹெர்ரிங் மீன்;
கழித்தல் பதினெட்டைத் தாண்டி ஏறினால்
யாரையாவது எழுப்பு.

கிடங்கை இடித்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
அதன் உணரி மட்டும் மின்கலம் தீராமல்
உர்மாஸின் இழுப்பறையில்,
ஒற்றைக் கையுறைக்கும் மிட்டாய்ப் பைக்கும் நடுவே
அலுவலகச் சூட்டில் கிடந்து
இரவெல்லாம் அலறுகிறது:
மீன் கெடுகிறது, மீன் கெடுகிறது.
முறைக்காரர் எழுந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு
போர்வைக்குள் திரும்புவார்.

விதிக்கு அடியில் ஒரு குறிப்பு இருந்தது:
"அலட்சியம் வேண்டாம்.
போன தடவை பதினோரு டன். – விர்வே."
யார் விர்வே?
உர்மாஸுக்கும் தெரியவில்லை.

குறிப்பை என் கையேட்டில்
எடுத்துக்காட்டின் கீழே ஒட்டினேன்.
தேவையில்லாத இடம்தான்.
வேறெங்கே வைப்பது?

கட்டளையை ஓட்டினேன்.
பிறகு எழுதினேன்:
"பதில் வெறுமையாக வரும்.
பிழை என்று எண்ண வேண்டாம்."

இழுப்பறையைத் திறந்தேன்.
சின்னப் பச்சை விளக்கு
இருபத்தொன்று, இருபத்தொன்று என்று
இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது.
மிட்டாய் ஒன்றை எடுத்துக்கொண்டு மூடினேன்.

ஐந்தாம் பக்கம்:
நீக்கிய விதியை மீட்டெடுத்தல்.
கருவி இன்னும் வரவில்லை.