பிந்தி மூடும் வால்வு

சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.
சிலிண்டர் தலையில் ஒன்றரை மில்லி எடுத்தவள் நான்.
மில்டூராவில், மாசி வெயிலில்,
ஷெட் தகரம் டிக் டிக்கென்று விரிய
பதினொன்றுக்கு ஒன்று என்று
சோக்கால் சுவரில் எழுதிவைத்தேன், பெருமையாக.
சற்குணத்தார் வந்து பார்த்து
"பதினொன்றோ?" என்றார்.
காசை எண்ணி வைத்தார்.

ஊருக்குள் தொண்ணூற்றெட்டு அடித்து ஓடும்வரை
அந்தப் பழைய யூட் சொன்னது கேட்டது.
ஆனால் கத்தரியும் வெண்டியும் ஏற்றி அவர் போவது
புரோக்கன் ஹில்லுக்கு.
முந்நூறு கிலோமீற்றர். இடையில் ஒரு பம்ப்.
அதில் ஒரேயொரு குழாய்:
தொண்ணூற்றொன்று.

எதிர்காற்றில், மூன்றாம் கியரில்,
எஞ்சினுக்குள் யாரோ உண்டியல் குலுக்கினமாதிரி
என்றார் போனில்.
எனக்கு விளங்கிவிட்டது.
பொறியின் தீ வந்து சேருமுன்
மூலையில் நெரிபட்ட கலவை தானாய் வெடிக்கிறது,
பந்தி தொடங்கமுன் இலையில் கைவைத்தவன்போல.

கழற்றினோம்.
நாலாம் பிஸ்டனின் விளிம்பு
கறையான் அரித்த புத்தக ஓரம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சுவரில் இருந்த என் எழுத்தைப் பார்த்தார்.
ஏசியிருக்கலாம்.

பிஸ்டன் எல்லாம் மாற்ற அவரிடம் காசில்லை,
இலவசமாய்ச் செய்ய என்னிடம் மனசில்லை.
நாலாவதை மட்டும் மாற்றினேன்.
இரவு முழுக்கக் கேம்ஷாஃப்ட் பட்டியலோடு இருந்தேன்.

ஒன்று கிடைத்தது.
அதில் உள்வால்வு
அடிமட்டம் தாண்டி எழுபது பாகை வரை திறந்தே கிடக்கும்.
பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிவிடும்,
கதவு இன்னும் சாத்தவில்லை.
இழுத்த மூச்சில் கொஞ்சம்
வந்த வழியே திரும்பிப் போகும்.
மிச்சத்தைத்தான் எஞ்சின் அழுத்தும்.
சுவரில் பதினொன்று. உள்ளே எட்டேகால்.
தொண்ணூற்றொன்று தாங்கும்.

சும்மா தாங்காது.
கீழ் வேகத்தில் இழுவை போய்விட்டது.
டீக்கின் அவெனியூ சிக்னலில்
யூட் காய்ச்சல்காரன்போல் நடுங்க,
வெண்டிப் பெட்டிகள் துள்ள,
பக்கத்துக் காரில் பொடியன்கள்
கட்டைவிரல் காட்டுகிறார்களாம்.
அறுபத்திரண்டு வயது மனுஷன்
கண்ணாடியை இறக்கிவிட்டு
ஒருதரம் அக்சிலேற்றரை மிதிப்பாராம்.
மனைவி சொன்னா. முறைப்பாடாகத்தான் சொன்னா.

சோக்கெழுத்தை நான் அழிக்கவில்லை.
கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்,
வருகிறவர்களிடம் முதலில் கேட்பதற்கு:
கடைசிப் பம்ப் எது?

நேற்று நாற்பத்தைந்து பாகை வெயில்.
ஏற்றத்தில் ஒரேயொரு சில்லறை
குலுங்கியதாம்.
பொறியை இரண்டு பாகை
பிந்தவிட்டேன்.