போக வர மட்டும்

காட்பாடியில் வீடு. ராத்திரியெல்லாம்
சன்னலை உலுக்கிவிட்டுப் போகின்றன
எங்கெங்கோ போகிற வண்டிகள்.
"ரயில் பார்க்கவா மலையேறுகிறாய்?" என்றாள் தங்கை.
ஆமாம் என்றேன்.
ஒடுகத்தூர் வரை பஸ். அப்புறம்
தக்காளி ஏற்றப்போன காலி வேன்.

மூன்றே கிலோமீட்டர் தண்டவாளம்.
கட்டை இறக்கப் போட்டு, மறந்து,
உண்ணிச்செடி மூடிக்கிடந்தது.
எட்டு வருஷம் ஞாயிறு ஞாயிறாக வந்து
வெட்டி வெளியே எடுத்தவர்கள்
இன்று என்ஜினைச் சுற்றி நிற்கிறார்கள்
பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல.

விஷாரம் டேனரியில் பாய்லர் பார்க்கும் அஸ்மத்துல்லா
ஆறு நாள் நெருப்போடு இருந்துவிட்டு
ஏழாம் நாளும் நெருப்பிடமே வந்திருக்கிறார்.
அசையாத அளவுமுள்ளைச்
செல்லமாகத் தட்டுகிறார்.
டிக்கெட் தருவது எப்சிபா,
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள்.
பழக்கதோஷம்,
பெயரும் வயசும் கேட்டுத்தான் கொடுக்கிறாள்.
கொடி காட்டுவது ஆம்பூரில் ஷூவுக்கு சோல் ஒட்டும் தணிகாசலம்.
பச்சைத்துணி மறந்த ஒருநாள்
தேக்கிலையை ஆட்டினாராம்.

பத்துப் பேர் ஏறினோம்.
அறுத்து முடிந்த சாமைக் கொல்லை,
ஒரு பாறை, இன்னொரு பாறை.
கூடவே ஓடிவந்த நாய்
அலுத்துப்போய் முந்திக்கொண்டது.

இரண்டாம் வளைவில் கைகாட்டினாள் ஒருத்தி,
பஸ்ஸுக்குக் காட்டுவதுபோல.
தலையில் புளிமூட்டை, இடுப்பில் பலாப்பழம்.
"கோடியில எறக்கி வுடு,
சந்தைக்குக் குறுக்கால போயிடுவேன்."

எப்சிபா டிக்கெட் கட்டைப் புரட்டினாள்.
எல்லாவற்றிலும் 'போக வர' என்றே அச்சு.
"நான் எதுக்குத் திரும்பி வரணும்?"
எட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
அஸ்மத்துல்லா இறங்கி வந்தார்.
தணிகாசலம் செயலாளருக்குப் போன் போட்டார்,
சிக்னல் இல்லை.
என்ஜின் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
கடைசியில் ஒரு டிக்கெட்டை நடுவில் கிழித்து
'போக'வை மட்டும் கொடுத்தாள். பாதிக் காசு.
மூட்டைக்கு?
மூட்டை சும்மா வரட்டும்.

தண்டவாளம் முடிகிற கல்லருகே
நாங்கள் இறங்கிப் படம் எடுத்தோம்.
வெள்ளச்சி, அதுதான் அவள் பெயர், வயசு சொல்லவில்லை,
மூட்டையைத் தூக்கிவிடச் சொன்னாள்.
நானும் ஒரு கை கொடுத்தேன்.
திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் இறங்கிப் போனாள்.
தணிகாசலம் ஏனோ கொடியை ஆட்டினார்.

பெட்டியில் கீழிறங்கும்வரை பலாவாசனை.
எப்சிபா உள்ளங்கையில் மீந்த 'வர'வை
எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்தாள்.
பதிவேட்டில் கரிக்கையால் அஸ்மத்துல்லா
பார்வையாளர் பத்து என்று எழுதினார்.
கொஞ்சம் நின்று,
கட்டம் போடாத வெற்றிடத்தில்:
பயணி ஒருவர்.