நிதிச்சுமை: இல்லை

அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.
எட்டாவது பத்தி, கடைசி வரி:
'இதனால் அரசுக்குக் கூடுதல் நிதிச்சுமை ஏதுமில்லை.'
முற்றுப்புள்ளி வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

அதுவரை ஒரு டாக்டர் போதும்.
அடிபட்டவனைப் பார்த்து, இத்தனை சதவீதம் என்று எழுதி
ரப்பர் ஸ்டாம்பு குத்தினால் முடிந்தது.
அதில் பொய் புகுந்துவிட்டதாம்.
புகுந்ததுதான். நானே இரண்டு பார்த்திருக்கிறேன்,
ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே நாற்பது சதவீதம்,
ஆள் மட்டும் வேறு.
இனி மூன்று பேர் கொண்ட குழு.
மாதத்தின் இரண்டாம் வியாழன்,
பெரியாஸ்பத்திரி மாடியில், பதினேழாம் அறை.

செல்லக்காளை கப்பலூரில்
பழைய டயருக்குப் புதுத்தோல் ஒட்டும் கொட்டகையில்
பிரஸ் ஓட்டியவன்.
வலது கை உள்ளே இருக்கையில் மேல்தட்டு இறங்கிவிட்டது.
விரல் ஐந்தும் இருக்கின்றன. ஒன்றும் மடங்காது.
அறுந்து விழுந்திருந்தால்
சட்டத்தின் அட்டவணையிலேயே விலை போட்டிருக்கிறது,
எந்த விரல், எத்தனை கணு என்று.
ஒட்டிக்கொண்டிருக்கும் விரலுக்குத்தான் டாக்டர் வேண்டும்.

திருமங்கலம் எலும்பு டாக்டர்
ஒரே காலையில் பார்த்து எழுதிவிட்டார்: முப்பத்தைந்து.
சுற்றறிக்கைக்கு நான்கு நாள் பிந்திய தேதி.
செல்லாது.

மார்ச்சில் குழுவில் ஒருவர் விடுப்பு.
ஏப்ரலில் எக்ஸ்ரே பழசு என்றார்கள்,
முப்பது நாளுக்குள் எடுத்ததாக வேண்டும்.
மே மாதம் அழகர் ஆற்றில் இறங்கிய நாளும்
அந்த வியாழனும் ஒன்றாகிவிட்டன.
உள்ளூர் விடுமுறை. அதற்கு யாரைக் குற்றம் சொல்ல?
ஜூனில் பார்த்தார்கள்.
ஆகஸ்டில் காப்பீட்டு வக்கீல் எழுந்து
குழுத் தலைவரைக் குறுக்கு விசாரணை செய்யணும் என்றார்.
வந்தார் அவர். எங்கள் வராந்தாவில்
பதினொன்றிலிருந்து இரண்டரை வரை உட்கார்ந்திருந்தார்.
போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:
"மேலூர் அம்மா இடுப்பை நாளைக்கு வச்சுக்கலாம்.
நாளைக்கு தியேட்டர் இல்லையா?
அப்ப திங்கட்கிழமை."

போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம்.
புதிய விதியால் மிச்சமான தொகை எவ்வளவு,
ரூபாயில், இரண்டு நகல்.
வீணான தாள் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன்.
எக்ஸ்ரே பிலிம் மூன்று.
டாக்டர்களின் அரைநாள், மூன்று பெருக்கல் இரண்டு.
ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், பதினொன்று.
என் சம்பளத்தில் ஒரு துண்டு.
அவனுடைய பஸ் டிக்கெட் அவன் பாடு;
கூடவே வந்த முத்திருளாயிக்கு டிக்கெட் இல்லை,
ஆகவே அது அரசின் பாடு.
அவள் விட்ட கூலி யார் பாடு என்று
தலைப்பு கிடைக்கவில்லை.
மேலூர் அம்மாவின் நான்கு நாளை
எந்த இனத்தில் எழுதுவது?
இது ஒரு கோப்பு.
அலமாரியில் இருநூற்றுச் சொச்சம் இருக்கின்றன.

குழு சொன்ன சதவீதம்
முப்பத்தைந்து.

நேற்றுத்தான் உத்தரவு வாங்க வந்தான்.
பத்தாவது தேறியவன்.
பழைய மனுவில் அழகான கையெழுத்து,
காளையின் ளகரத்துக்கு ஒரு சுழி கூடுதல்.
பேனாவை இடது கையில் பிடித்துப் பார்த்தான்,
தாள் நகர்ந்தது. வலது கையால் அதை அமுக்க முடியவில்லை.
நான் மைப்பெட்டியைத் திறந்தேன்.
இடது பெருவிரலைப் பிடித்து அழுத்தி
பக்கத்தில் 'கைநாட்டு' என்று எழுதி
சாட்சிக்கு என் பெயரையும் போட்டேன்.
விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"சார், இது அந்த முப்பத்தஞ்சுல சேர்த்தியா?"

முத்திருளாயி சிரித்தாள்.
கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.