மூன்றில் ஒரு பங்கு

மேயோ ஹால் பக்கம்
உன் சாவை விசாரிக்கிற இடத்துக்குப் பெயர்
சிறு வழக்குகள் நீதிமன்றம்.
கன்னடப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தவள் ஹர்ஷிதாதான்.
"சின்ன கேஸாம்மா நம்மளது?"
தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

நான் ஒன்றாம் மனுதாரர்.
அவள் இரண்டு. உன் அம்மா மூன்று.
முனிரத்தினம் என்கிற நீ, இரண்டாம் பக்கத்திலிருந்து
வெறும் 'இறந்தவர்'.
டின் ஃபேக்டரி பாலத்தடியில் உன்மேல் ஏறிய
கான்கிரீட் லாரிக்கு நம்பர் இருக்கிறது,
இன்ஷூரன்ஸ் இருக்கிறது,
அதற்காக எழுந்து நிற்க ஒரு வக்கீலும்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டம்.
ஹெல்மெட் கொக்கி மாட்டியிருந்தாரா?
முந்தின ராத்திரி குடித்தாரா?
மாதம் இருபத்தெட்டாயிரம் என்கிறீர்களே, ரசீது?

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவனுக்கு யார் ரசீது தருவார்கள்?
உன் சம்பளம் தலைமுடியில் வரும், வெள்ளையாக.
சனிக்கிழமை வாசலில் குனிந்து நின்று தட்டுவாய்.
அதை எந்த ஃபைலில் கோர்ப்பது?
அப்படி ஒருத்தரைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டார்
உன் மேஸ்திரி.

மூன்று வருஷம். பதினேழு வாய்தா.
காத்திருக்கும்போதெல்லாம் மேலே பார்ப்பேன்.
சுவரோரம் ஈரம் கசிந்து
மாடு படுத்த மாதிரி ஒரு கறை.
நீ இருந்தால் கண்ணாலேயே அளந்து
சதுர அடிக்கு இவ்வளவு என்றிருப்பாய்.

தீர்ப்பன்றைக்கு வக்கீல் ஷைலஜா
கேண்டீனில் உப்பிட்டு சாப்பிட்டுக்கொண்டே கணக்கைச் சொன்னார்.
ரசீது இல்லை, ஆகவே பதினைந்தாயிரம்.
நாற்பது வயதுக்குள் போனதால்
இன்னும் முன்னேறியிருப்பாய் என்று நம்பி
நூற்றுக்கு நாற்பது சேர்த்தால் இருபத்தோராயிரம்.
உன்மேல் அந்த நம்பிக்கை என் அப்பாவுக்கே இருந்ததில்லை.
முப்பத்துநாலு வயதுக்குப் பெருக்கல் எண் பதினாறு.

பதினாறும் பெற்று என்றுதான்
ஓசூர் மண்டபத்தில் நம் தலையில் அரிசி விழுந்தது.
பதினாறாம் நாள் காரியத்துக்கு வாங்கிய கடன்
இன்னும் நிற்கிறது.
இது மூன்றாவது பதினாறு.

துணை இழந்ததற்கு நாற்பத்தெட்டாயிரம்.
தலையாட்டினேன். பேரமா பேச முடியும்?

ஆனால் நடுவில் ஒரு கழித்தல்.
இறந்தவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடியது
மூன்றில் ஒரு பங்கு.
மாதம் ஏழாயிரம்.
"எல்லாருக்கும் அப்படித்தான்மா," என்றார் ஷைலஜா.

ஹலசூர் வரைக்கும் பஸ்ஸில் அதையே தேடிக்கொண்டு வந்தேன்.
உனக்கென்று என்ன செய்துகொண்டாய்?
பீடி.
ஞாயிற்றுக்கிழமை கபாப் பொட்டலம்,
அதிலும் எலும்புதான் உன் பக்கம்.
வார் அறுந்து கம்பியால் கட்டிய செருப்பு;
ஆஸ்பத்திரியில் ஒற்றையைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.
எப்படிக் கூட்டினாலும் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை.

பணம் பாங்கில் போட்டாயிற்று.
ஹர்ஷிதா பங்கு பதினெட்டு வயதுவரை திறக்காது.
அது கிடக்கட்டும்.
இந்த ஏழாயிரத்தைத்தான் என்னால் விட முடியவில்லை.
நான் ஒதுக்கியதில்லை, உன் அம்மா ஒதுக்கியதில்லை,
நீயும் எடுத்துக்கொண்டதில்லை.
உன்னைப் பார்த்தேயிராத ஒரு நீதிபதி
மாதாமாதம் உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறார்.

கடைவாய்ப் பல்லுக்கு
மர்ஃபி டவுன் டாக்டர் ஆறாயிரம் கேட்டாரே,
தீபாவளி போகட்டும் என்று
கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனாயே.
போய்க் காட்டிவிட்டு வா.
மிச்சம் ஆயிரம் இருக்கும்.
உனக்கு என்ன வேண்டும்?