சிவப்புப் பொட்டு

வேலந்தாவளத்தில் பரோட்டாக் கடையை மூடுகிறார்கள் என்று போனேன்.
ராவுண்ணி எண்ணூறு சொன்னார்.
எழுநூற்றைம்பதுக்கு ஆம்ப்ளிஃபயரை
மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்.
சேலையெல்லாம் பீஃப் வறுவல்.
பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு முறை
பையைப் பார்த்தார்.

மூடியைக் கழற்றினால்
பதினேழு வருஷத் தேங்காயெண்ணெய்
பிசினாகி,
அதில் ஒரு கரப்பான்
மீசை கலையாமல்.

பழைய பிரஷ், ஸ்பிரிட், காதுகுடையும் பஞ்சு.
கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு
வால்யூமைத் திருகத் திருக
கரகரப்பு அடங்கிற்று.

குமிழின் வரிப்பள்ளங்களில் மட்டும்
மைதாவும் கட்டைவிரலும் சேர்ந்த அழுக்கு.
ஸ்பிரிட்டுக்கு மசியவில்லை.
தின்னர் ஊற்றினேன். போயிற்று.
கூடவே முகப்பில் சிவப்பாக என்னவோ
துணியில் இழுபட்டது.
துரு என்று நினைத்தேன்.

ராத்திரி போன்.
"பாடுதா?"
பாடுது.
"அந்தச் சிவப்புப் பொட்டு தாண்டி வைக்காதீங்க.
மச்சில் கிடப்பாகறதுக்கு முந்தி
அவளே இறங்கி வந்து வச்சது,
நெயில்பாலிஷ்லே.
தாண்டினா மேலேயிருந்து
கம்பால இடிப்பா."
கொஞ்ச நேரம் லைனில் லாரிச் சத்தம்.
"இருக்கில்லே?"
இருக்கு என்றேன்.

மகளிடம் இருப்பது ஊதா நெயில்பாலிஷ்.
மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
மூன்றா, மூன்றரையா
என்று தெரியாமல்
வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனேன்,
மாடியில்
வீட்டுக்காரம்மா
இடிக்கும் வரை.