அட்டை

தேவாலாவுக்கு மேலே, பத்தாம் நம்பர் லயனுக்குப் பின்னால்,
தண்ணித் தொட்டி மேட்டில் நின்று
ஜூன் மாதம் நான் தேடியது இதுதான்:
அட்டை கடிக்காமல் இருக்க.

முதலில் வந்தது பிறந்தநாள் வாழ்த்து அட்டை.
அப்புறம் கடன் அட்டை, இன்றே விண்ணப்பியுங்கள்.
அப்புறம் மொத்த விலையில் மூன்றடுக்கு அட்டைப்பெட்டி.
அதற்குள் என் கணுக்காலில் ஒன்று
குடித்துப் பருத்துத் தானாகக் கழன்று விழுந்தது.

"தமிழ்ல கேட்டா அதுக்குப் புரியாது புள்ள,
இங்கிலீஷ்ல போடு" என்றாள் ஹஸீனா.
லீச் என்று போட்டேன், தப்பாக.
எழுத்தை அதுவே திருத்திக்கொண்டது.
முழங்கால்வரை ஏறும் துணி உறை, முந்நூற்று நாற்பத்தொன்பது.
மாட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்
ஏதோ ஒரு மலையில் நிற்கிறாள்,
பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறில்லை.

எங்கள் போனுக்குத் தான் எந்த ஊர் என்று நிச்சயமில்லை.
மேகம் இறங்கினால் வயநாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு
மலையாளத்தில் வளையல் காட்டும்,
ஓணத்துக்கு இரண்டு மாதம் முன்பே
கசவுப் புடவையை விரித்துப் போடும்.
என்னிடம் எதைப் பார்த்ததோ.

பதினோராம் நாள் பிபின் வந்தான்.
ரேஷன் கடை வளைவு வரைதான். அதற்கு மேல் வரமாட்டான்,
நேற்று அங்கே ஆனை நின்றதாம்.
காசை வாங்கிக்கொண்டு, "ஓடிபி சொல்லு சேச்சி" என்றான்.
ஓடிபி இறங்குகிற இடம்
தொட்டி மேட்டில், இரண்டாவது சில்வர் ஓக்குக்கு வலப்பக்கம்,
கையைத் தூக்கினால் ஒரு கோடு.
ஓடினேன்.
வந்தது: இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.

ஏழு! என்று கீழே பார்த்துக் கத்தினேன்.
காற்று அதைக் கேரளாவுக்குக் கொண்டுபோனது.
மறுபடி ஏழு!
கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த யோகராணி அக்கா
தலை நிமிராமல் வாங்கி
அடுத்த நிரைக்குக் கொடுத்தாள். ஏழு!
சைபர்! சைபர்!
நாலு! பதினாலா? இல்லடி, வெறும் நாலு!
எடைபோட வந்த சூப்பர்வைசர்
தராசை விட்டுவிட்டு, ரெண்டு! என்று அவரும் கத்தினார்.
ஒரு மலையே என் ரகசியத்தைக்
கிள்ளிக் கிள்ளிக் கீழே சேர்த்தது.
பிபின் தலையாட்டினான். சரியாம்.

பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு ஜோடி.
அம்மாவுக்குக் கொடுத்தேன்.
காலையில் இழுத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனவள்
சாயங்காலம் வந்து சொன்னாள்:
"காலுக்கு வரல.
கழுத்துக்கு வந்துருச்சு."

பெட்டியில் இப்போது தம்பி கஜனின் கோழி அடைகாக்கிறது.
போன் இன்னும் அதே உறையைத்தான் காட்டுகிறது,
ஐம்பது ரூபாய் குறைத்து.

ராத்திரி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்
உள்ளேயும் கொஞ்சம் சிக்னல் வரும்.
உப்புத் துணியால் கழுத்தை ஒற்றிக்கொண்டே அம்மா,
"எல்லாம் சொல்லுதுன்னியே, இதக் கேளு.
இந்த வீடு நம்ம பேருக்கு எப்ப ஆகும்?"
அவளுக்கு டிசம்பரில் ஓய்வு.
ஜனவரியில் லயன் வேறு ஆளுக்கு.

தமிழில்தான் கேட்டேன்.
இதை எந்த மொழியில் கேட்பதென்று ஹஸீனாவும் சொல்லவில்லை.
சக்கரம் சுற்றியது,
வயநாடு போய்த் திரும்பியது.

அன்றிலிருந்து கோயம்புத்தூரில்
மூன்று படுக்கையறை, நீச்சல் குளம்,
முன்பணம் வெறும் ஐந்து லட்சம்.
எதைத் திறந்தாலும் குறுக்கே வந்து நிற்கிறது.

அம்மா சலித்துக்கொள்வதில்லை.
காப்பு காய்ச்சிய விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்க்கிறாள்,
அடுப்படி, மாடி, குளத்தைச் சுற்றிப் பச்சை.
அங்கே நிறுத்தி, போனைக் கண்ணருகே கொண்டுபோய்,
"புல்லு நனைஞ்சு கெடக்கு" என்கிறாள்.
"அட்டை இருக்கும்."